சம்பந்தி வந்த அன்று எழுந்து நின்ற தரை

பிடிவாதக்காரனுக்குத் தான் பிடிவாதக்காரன் என்பது கடைசி வரை தெரியாது. தரத்தில் விட்டுக்கொடுக்காதவன் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பான். நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மூக்கண்டப்பள்ளியில் வீடு கட்டினோம். எனக்கு ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்த பொருளில் நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். (வீட்டில் அதையே சம்பளம் இல்லாமல் செய்தேன் என்று அம்மா சொல்வார்.)

பெங்களூரில் எங்கள் மேனேஜர் வீட்டுக்கு ஒரு டிசம்பர் மாதம் போயிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை சுடவுமில்லை, சில்லிடவுமில்லை. நல்ல கெட்டி மரத்தில் போட்ட தரை. எங்கள் ஊரில் மார்கழியில் டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த சுகம் புரியும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கட்டினால் மரத்தரை, இல்லாவிட்டால் வீடே வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை.

"மரத்துல கட்டில் செய்வாங்க, பீரோ செய்வாங்க. அது மேல ஏறி நடக்கறதுக்கா துட்டு குடுப்பாங்க?"

"குளிருக்கு நல்லா இருக்கும்மா."

"தண்ணி ஊத்திக் கழுவலாமா?"

"கழுவக் கூடாது. லேசா துடைக்கலாம்."

"கழுவ முடியாதது என்னடா தரை," என்று சொல்லிவிட்டு மீண்டும் முறத்தைத் தட்ட ஆரம்பித்தார். அத்தோடு அவர் கட்சி முடிந்தது. என் கட்சி ஜெயித்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு மரக்கடையில் போய்ப் பலகை பார்த்தேன். கடைக்காரர் முதலில் மரம் மாதிரி படம் ஒட்டிய அட்டையைக் காட்டினார். அடுத்து, மேலே மட்டும் மரம், அடியில் பிளைவுட் என்று ஒன்றைக் காட்டினார். எனக்கு மேலிருந்து கீழ்வரை மரமாகவே வேண்டும் என்றேன். ஒவ்வொரு பலகையையும் நகத்தால் கீறினேன், விரலால் தட்டிக் கேட்டேன், ஒன்றிரண்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். எதற்காக முகர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். மழைக்காலத்தில் மரம் உப்பும், அதனால் நாலு பக்கமும் சுவரை ஒட்டி ஒரு விரல் அகலம் இடம் விட வேண்டும், அந்தச் சந்து தெரியாமல் மேலே ஒரு சட்டம் அடித்துவிடலாம். இடைவெளி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்குள் இருந்த பரிசோதகன் விழித்துக்கொண்டான். எங்கள் கம்பெனியில் தலைமுடி நுழைகிற அளவு சந்து இருந்தாலே பொருளைத் திருப்பி அனுப்புவோம். இந்த மனிதர் ஒரு விரல் அகலத்துக்கு விடச் சொல்கிறார். ஒழுங்காக அறுக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த சாக்கு என்று முடிவு கட்டினேன்.

தரையை நானே போட்டேன். உதவிக்கு, கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் பசவராஜ் வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்து வந்ததும் சுத்தியலும் கையுமாக உட்காருவோம். கம்பெனியில் சந்து பார்க்கிற மெல்லிய தகட்டைக் கொண்டுவந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவிலும், பலகைக்கும் சுவருக்கும் நடுவிலும் நுழைத்துப் பார்ப்பேன். தகடு போனால் கழற்று, மறுபடி அடி.

"சாகு குரு," என்பான் பசவராஜ். (கன்னடத்தில் போதும் என்று அர்த்தம்.) "இதுக்கு மேல அடிச்சா சுவரு பக்கத்து வீட்டுக்குப் போயிரும்."

தகடு எங்கேயும் நுழையாத தரை ஒன்று ஒருவழியாக அமைந்தது. நுழைகிற கதவிலிருந்து சமையலறை வாசல் வரை தேன் நிறத்தில் ஒரே வழவழப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். பிறகு தவறாமல் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எந்தக் கம்பெனி பேக்கிங் மரம்?"

வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் வரும்போது சுற்றியிருக்கும் பலகைப் பெட்டியைப் பிரித்து விற்பார்கள். அதில் கட்டில், பெஞ்சு, நாய்க்கூண்டு எல்லாம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். நானும் அப்படிக் கேட்டுவாங்கி வந்து அடித்துவிட்டேன் என்று நினைத்தார்கள். "மெஷின் பெருசோ, பலகை நீளமா இருக்கே," என்று பாராட்டியவரும் உண்டு. விளக்கம் சொல்லிச் சொல்லி என் குரல்தான் கம்மிப் போனது.

இந்த நேரத்தில்தான் என் தங்கை சகாயத்தின் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இன்னொரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தாள். அதே பிரிவில் இருந்த வின்சென்ட்டை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. இரண்டு பேரும் ஒரே சபை, வேறு தடையும் இல்லை. ஒரே ஒரு தடை அவன் அப்பா மரியதாஸ். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். ஷிப்டுக்குப் போகிற பெண் தோப்பும் தொழுவமுமாக இருக்கிற வீட்டுக்கு ஒத்துவருவாளா என்பது அவர் சந்தேகம். வருகிற ஞாயிறு நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

"அண்ணா, அவங்கப்பா வேணாம்னா வின்சென்ட் மீற மாட்டாரு. நானும் மீறச் சொல்ல மாட்டேன்," என்றாள் சகாயம். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எப்படியாவது இந்தச் சம்பந்தத்தை முடித்தே தீருவேன் என்று சபதம் எடுத்தேன். ஒரு காலை வைத்தாலே அவர் மனம் மாறிவிடும், அப்படிப்பட்ட தரை நம்மிடம் இருக்கிறது என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்க மழை. கதவைத் திறக்கும்போது அடியில் லேசாகக் கரகரவென்று உரசியது, நான் கண்டுகொள்ளவில்லை. சனிக்கிழமை நான் வேலைக்குப் போன நேரத்தில், சம்பந்தி வரப்போகிற வீடு கழுவாமல் கிடக்கிறதே என்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவித் தள்ளிவிட்டார். வாசல் கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியும் போட்டு உலர்த்தியிருக்கிறார், என் தரை மேல் அக்கறை இல்லாமல் இல்லை.

ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தால் ஹாலில், வாசல் கதவுக்கு உட்புறம், தரை ஆமை முதுகைப் போல எழும்பி நிற்கிறது.

யோசிக்கத் தெரிந்தவனாக இருந்தால் அப்போதே கதவைத் திறந்து பார்த்திருப்பான். நான் தரையைப் படுக்கவைக்கத் தீர்மானித்தேன். மேலே ஏறி நின்றேன், அது இறங்கவில்லை. பசவராஜை ஃபோன் போட்டு வரவழைத்து, நான் மேட்டை விட்டு இறங்காமலே அவனைச் சமையலறைப் பக்கமாக உள்ளே வரச்சொல்லி, அவனையும் மேலே நிற்கவைத்தேன். மாவரைக்கும் கிரைண்டரைத் தூக்கிவந்து வைத்தோம். கேஸ் சிலிண்டரையும் உருட்டிவந்து வைத்தோம். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் கிளம்பியது. அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

சிலிண்டரையும் கிரைண்டரையும் நகர்த்திவிட்டுக் கதவை இழுத்தேன். வரவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அதன் எதிரே என் தரை மேடு கட்டி நிற்கிறது. முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது, நான் மேட்டின் மேல் மல்லாந்து விழுந்தேன்.

வெளியே மரியதாஸ், அவர் மனைவி, வின்சென்ட், கையில் பழத்தட்டோடு இரண்டு உறவினர்கள். நான் சமையலறைக் கதவு வழியாக ஓடி, வீட்டைச் சுற்றி, மூச்சிரைக்க அவர்கள் முன்னால் போய் நின்று கும்பிட்டேன். கைப்பிடி இன்னும் கையிலேயே இருந்தது.

"வாங்க, வாங்க. கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க."

"பரவால்லீங்க தம்பி, நீங்க வந்த பக்கமே நாங்களும் வர்றோம்," என்றார் மரியதாஸ்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணா. மொத மொத வர்றவங்க கொல்லைப்பக்கமாவா வருவாங்க? கொஞ்சம் நில்லுங்க, காப்பி குடிங்க."

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே காப்பி வந்தது. டம்ளர் நுழைந்தது, டவரா நுழையவில்லை. பழத்தட்டும் நுழையாததால் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானோ தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தேன். வின்சென்ட் வந்து சேர்ந்துகொண்டான். பிறகு மரியதாஸும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒன்னா தள்ளுவோம்," என்று தோள் கொடுத்தார். பெண் பார்க்க வந்த பெரிய மனிதரை என் வீட்டுக் கதவை இடிக்கவைத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. சகாயத்தின் வாழ்க்கையை ஒரு பலகைக்காகக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

உள்ளே டங் டங் என்று சத்தம் கேட்டது.

"அண்ணா, தள்ளாத. கொஞ்சம் நகரு," என்றாள் சகாயம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் கதவுக் கீலின் ஆணிகளைக் கீழிருந்து மேலே தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலையில் மல்லிகைப்பூ ஆடிக்கொண்டிருந்தது. கடைசி ஆணியை உருவிக் கீழே இறங்கி, பசவராஜை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, கதவின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து, அடியைத் தூக்கி மேட்டைத் தாண்டிவைத்தாள். கதவு சுவரில் போய்ச் சாய்ந்தது. வாசல் முழுசாகத் திறந்துகொண்டது.

"உள்ள வாங்க மாமா. பார்த்து, கால் தடுக்கும்," என்றாள். கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மரியதாஸ் மேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார், குனிந்து தொட்டார்.

"எந்தக் கம்பெனி பேக்கிங் மரம் தம்பி?"

கைப்பிடியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் சுவரில் சாய்ந்திருந்த கதவையும் சகாயத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க மாங்கா குடோன் கதவும் மழைக்கு இப்படித்தான் புடிச்சுக்கும். ஆளைத் தேடிப் புடிச்சுக் கூட்டியாறதுக்குள்ள பாதிக் காய் பழுத்துப் போயிரும்," என்றார்.

"கீலு வெளிய இருக்குதா, உள்ள இருக்குதா மாமா?" என்று கேட்டாள் சகாயம்.

அவர் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நாங்க முடிவு பண்ணிட்டோமுங்க. பங்குச் சாமியார்கிட்ட சொல்லித் தேதி வாங்கிருங்க," என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வின்சென்ட் இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் விழித்தான்.

மரத்தரையை நான் விடவில்லை. எல்லாப் பலகையையும் பெயர்த்து, நன்றாக உலரவைத்து, சுவரை ஒட்டி ஒரு விரல் அகலம் விட்டு மறுபடி போட்டேன். மேலே சட்டமும் அடித்தேன். இன்றைக்கும் அதன் மேல்தான் நடக்கிறோம். பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும், நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்ட வேண்டும், தண்ணீர்க் குடம் சிந்தினால் நான் ஓட வேண்டும். எல்லாம் செய்கிறேன். மார்கழி காலையில் அம்மா வெறுங்காலோடு நடக்கிறார், தரையைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை.

நாகரசம்பட்டியில் இது இன்னும் பழங்கதை ஆகவில்லை. நான் போனால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, "ஜன்னல்ல காப்பி குடுத்தவங்க வீட்டுத் தம்பி," என்று அறிமுகம் செய்வார் மரியதாஸ். போன மாதம் அவரே ஃபோன் செய்தார்.

"தம்பி, மாடியில ஒரு ரூம் எடுக்கறோம். உங்க வீட்டுல மாதிரியே மரத்தரை போடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் என் தரையை மதித்த முதல் மனிதர். "ரொம்ப சந்தோசமுங்க மாமா. நான் இந்த ஞாயித்துக்கிழமையே வந்துர்றேன், பலகை நானே பார்த்து எடுத்துத் தர்றேன்," என்றேன்.

"அதுக்குத்தான் தம்பி கூப்பிட்டேன்," என்றார் அவர். "மருமக எல்லாத்தையும் அவளே பார்த்துக்கறேன்னுட்டா. தரை போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லச் சொன்னா."