போட்டோவா, ரீல்ஸா, லைவா?

போட்டோவாகப் போடுவதா, ரீல்ஸாகப் போடுவதா என்று தெரியாமல் மணிமொழி செல்போனும் கையுமாகக் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் அவளுடைய பியூட்டி பார்லருக்கு ஒரு கல்யாணப்பெண்கூட வந்தபாடில்லை.

"ஆவணிக்குள்ள ஒரு கல்யாண ஆர்டராவது வரலன்னா, கடைய பிராய்லர் கோழிக்காரருக்கு விட்டுடுவேன்" என்று புருஷன் தமிழழகன் சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிற ஆள்தான், பாவி.

முதலில் போட்டோ. மேக்கப்புக்கு முன், மேக்கப்புக்குப் பின் என்று வெற்றிச்செல்வியின் இரண்டு படங்களையும் சேர்த்துப் போட்டாள். போன மாசம்தான் விக்கிரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அக்கா, என் மாமியா மொத படத்தப் பாத்துட்டு, இந்தப் பொண்ணு யாருன்னு என்கிட்டயே கேக்குறாங்க. எங்க வூட்டுக்காரரு படத்தப் பாத்துட்டு நேரா வயலுக்குப் போயிட்டாரு."

அலறியடித்துக்கொண்டு அழித்தாள்.

"போட்டோன்னா மூஞ்சி தெரியும்ல? ரீல்ஸ் போடுங்கக்கா. பேஸ்பேக் அப்பியிருக்கும்போது எடுத்தா யாருன்னே தெரியாது" என்றாள் பக்கத்துத் தையல் கடை சக்தி.

யோசனை நல்ல யோசனைதான். வாடிக்கையாக வரும் சாந்தாவுக்கு முகம் முழுக்கப் பச்சைக் களிம்பு, கண்மேல் வெள்ளரிக்காய். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அவள் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது.

"மூக்குத்தி தெரியுதே மணி. அது எங்க மாமியா போட்ட மூக்குத்தி. சிறுவாச்சூர் கோயிலுக்குன்னு சொல்லிட்டுல்ல உன் கடைக்கு வந்தேன்" என்று சாந்தா வாசலில் நின்று அழுதாள்.

மணிமொழி ரீல்ஸையும் அழித்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிகிறதே. இனி அடுத்தவள் முகமே வேண்டாம், நாமே பேசிவிடுவோம் என்று லைவில் உட்கார்ந்தாள்.

பேசினவள் பாதியில் நிறுத்தியிருக்கலாம். "பயப்படாம வாங்க. இங்க வர்ற பொண்ணுங்களோட மேக்கப் இல்லாத போட்டோ எல்லாம் என் போன்ல பத்திரமா இருக்கு. ஒண்ணக்கூட வெளிய விடமாட்டேன்" என்று சத்தியம் வேறு செய்தாள்.

மறுநாள் காலை கடை வாசலில் கூட்டம். பட்டுப் புடவைகளும் வெள்ளை வேட்டிகளுமாக ஒரு வேனே வந்து நின்றது. தமிழழகன் அப்போதே கோழிக்காரருக்குப் போன் போட்டு, "கடை இல்லீங்க" என்று சொல்லிவிட்டான். மணிமொழி சந்தோஷமாக நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"வாங்க, உக்காருங்க. யாருக்கும்மா மேக்கப்பு?"

வரிசையில் முதலில் நின்ற அம்மாக்கண்ணு என்கிற பெரியம்மா, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேக்கப்பெல்லாம் ஒண்ணும் வேணாம் தாயி. நாங்க எல்லாருமே மாப்ள வூடு. பொண்ணு பேரச் சொல்றோம், அந்த மேக்கப் இல்லாத போட்டோவ மட்டும் கொஞ்சம் காட்டு."