சாம்பிள் அண்ணனும் இருபத்துநான்கு டேப்லெட்டும்

கடவுளையே பின்பக்கமாகப் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று சொல்லத்தக்க ஒரே ஆள் எனக்குத் தெரிந்து சாம்பிள்தான். மிகைப்படுத்தவில்லை. அலுவலகத்தோடு ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனபோது நாங்கள் எல்லோரும் சந்நிதி வரிசையில் நின்றோம். அவர் மட்டும் பிரகாரத்தைச் சுற்றிப் போய்ப் பின்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன்னால அலங்காரம் ஜாஸ்தியா இருக்குது. பின்னால எப்படி இருக்குதுன்னு பாக்க வேணாமா?" என்றார். கல்சுவர்தான் என்று திருப்தியான பிறகே விபூதி பூசிக்கொண்டார்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. கல்வராயன் மலை விவசாயிகளிடம் சாமை, தினை, புளி, கடுக்காய் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் கள்ளக்குறிச்சி குடோனில் அவர் சரக்கின் தரம் பார்ப்பவர். கையில் எப்போதும் ஒரு குத்தூசி இருக்கும். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் தானியம் குழல் வழியாகக் கைக்கு வந்து விழும். மற்றவர்கள் மேல் மூட்டையில் குத்துவார்கள். இவர் தரையில் படுத்து, அடுக்கின் கீழே நசுங்கிக் கிடக்கும் மூட்டையைத் தேடிக் குத்துவார். "நல்லத மேல வெப்பான். மீதிய எங்க வெப்பான்?" என்பது அவருடைய ஒரே தத்துவம்.

இந்தப் பழக்கம் குடோனோடு நிற்கவில்லை. டீக்கடையில் தட்டின் அடியிலிருந்துதான் வடை எடுப்பார். பேப்பர்க் கட்டில் கடைசிப் பேப்பரை உருவுவார். பெண் பார்க்கப் போனதுகூட அப்படித்தான். குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் மணலூர்பேட்டை போய் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். அந்தப் பெண் குழாயடியில் குடத்தைத் தூக்கிப் பக்கத்துவீட்டுக்காரி மேல் எறிந்துகொண்டிருந்தது. உடனே சம்மதம் சொல்லிவிட்டார். "சண்டையவே பாத்தாச்சி. இதுக்குக் கீழ இன்னா இருக்கப் போவுது?"

நான் அங்கே கணினிப் பணிக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் அறைக்கு வெளியே சான்றிதழ்க் கோப்புடன் உட்கார்ந்திருந்தேன். சாம்பிள் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. கோப்பை வாங்கினார். மேலே இருந்த பட்டச் சான்றிதழ், பரிசுச் சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை. அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்.

"ஏம்மா, இது இன்னா?"

"கணக்குல அரியர், அண்ணா. அடுத்த தடவையே பாஸ் பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் அடியில வெச்ச?"

பதிலையும் அவரே சொன்னார். "எல்லாரும் அங்கதான் வெக்கிறாங்க" என்று தாளை அதே இடத்தில் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லித்தான் என்னை எடுத்திருந்தார்கள். இந்த மனிதர் எப்போது வாயைத் திறப்பாரோ என்ற பயத்திலேயே முதல் மாதம் கழிந்தது.

ஐந்தாவது மாதம் டேப்லெட் விவகாரம் வந்தது. மலையில் இருந்த இருபத்துநான்கு கொள்முதல் நிலையங்களுக்கும் பருவம்தோறும் தரக் கையேடு அச்சடித்து அனுப்புவோம். எது நல்ல புளி, எது பழைய புளி என்று படம் போட்ட புத்தகம். பாதியை மழை நனைக்கும், மீதியை எலி படிக்கும். இனிமேல் கையேடு கருவியில்தான் என்று மேனேஜர் முடிவு செய்தார். டேப்லெட் வாங்குவதா, புத்தகம் படிப்பதற்கென்றே வரும் இ-ரீடர் வாங்குவதா என்பதை நான் சொல்ல வேண்டும். நான் பதினெட்டு வரிசையில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். எடை, விலை, திரை, சார்ஜ், தூசி, ஈரம், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். என் நிரந்தர வேலை அந்தத் தாளில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விற்பனையாளர்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பெஞ்சின் இந்த முனையிலும் மற்றவர் அந்த முனையிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் சாம்பிள், குத்தூசியோடு.

"அவரு சாமான் காலையில சார்ஜ் போட்டா மத்தியானம் படுத்துக்கும் சார். நம்மளுது மூணு வாரம் நிக்கும்" என்றார் இ-ரீடர்காரர்.

"ஆமா சார், நின்னுக்கினேதான் இருக்கும். ஒரு பக்கம் திருப்பறதுக்குள்ள நீங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார் டேப்லெட்காரர். தன் கருவியில் ஒரு மயிலைத் தோகை விரிக்கச் செய்தார். இ-ரீடர்காரர் தன் கருவியில் மயிலின் படத்தைக் காட்டினார். அது காக்கையாகத் தெரிந்தது.

சாம்பிள் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இவ்ளோ பண்ணுதே, பதிலுக்கு இன்னா கேக்குது?"

"ஒண்ணும் கேக்காதுங்க."

"அப்ப ஜாஸ்தியா கேக்கும்." பிறகு இ-ரீடர் பக்கம் திரும்பினார். "இதுக்கு ஏன் கண்ணு இல்ல?"

"இதுல கேமரா கிடையாதுங்க. படிக்கறதுக்கு மட்டும்தான்."

"கண்ணு இல்லன்னா காது எத்தன?"

இருவரும் ஆளுக்கொரு கருவியைப் பரிசோதனைக்கு விட்டுவிட்டுப் போனார்கள். சாம்பிள் என் மேசைக்கு வந்து ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, ஸ்டிக்கர் பொட்டு இருக்குதா?" கொடுத்தேன். டேப்லெட்டின் கேமரா மேல் ஒட்டினார். அந்த வாரம் முழுக்க அது சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு என் மேசையில் மங்களகரமாக உட்கார்ந்திருந்தது.

அட்டவணையில் டேப்லெட் ஜெயித்தது. சாம்பிள் ஒத்துக்கொள்ளவில்லை. "மேசையில ஜெயிச்சது மலையில ஜெயிக்குமா?" இரண்டையும் ஒரு சாமை மூட்டைக்குள் புதைத்து ஜீப்பில் ஏற்றினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் மூட்டையைக் கவலையோடு பார்த்தார். கருவிக்கு என்ன ஆகுமோ என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்தேன். "சாமைக்கு ஏதும் ஆவாம இருக்கணும்" என்றார்.

வெள்ளிமலை நிலையத்தை நடத்துகிறவர் கனகா அக்கா. புளி தரம் பிரிப்பதில் அவர் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. டேப்லெட்டை வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். வாங்கிப் பார்த்தார். பூவைச் சரிசெய்துகொண்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

"கையேடு தெரியுதா அக்கா?"

"கையேடு எங்க இருக்குது? என் மூஞ்சிதான் தெரியுது."

சாம்பிள் என்னைப் பார்த்த பார்வையில் என் பதினெட்டு வரிசையும் பொசுங்கின. அடுத்து இ-ரீடர். வெயிலில் அச்சடித்த தாளைப் போல எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. சாம்பிள் கிட்டத்தட்டச் சிரித்தார். கனகா அக்கா புளிப் பக்கத்தைத் திருப்பும்வரை.

"இதுல புதுப்புளி எது, பழசு எது? ரெண்டும் சாம்பலாட்டம் இருக்குதே. இத வெச்சிப் புளி வாங்கினா ரசம் வெக்க முடியாதுங்க, பல்லு வெளக்கலாம்."

கருவி கறுப்பு வெள்ளை என்பது என் அட்டவணையில் இருந்தது. அதனால் புளிக்கு என்ன ஆகும் என்பது இல்லை. டேப்லெட்டை நிழலுக்குக் கொண்டுபோனோம். புதுப்புளி செம்பழுப்பு, பழைய புளி கறுப்பு. நிலையத்துக் கூரையில் சோலார் பலகை இருந்ததால் சார்ஜுக்கும் வழி இருந்தது. 'நிழலில் வைத்துப் பார்க்கவும்' என்று குறித்துக்கொண்டேன்.

"சரி, வாங்கு. ஆனா நம்பாத" என்றார் சாம்பிள்.

இரண்டு நாள் கழித்து டேப்லெட்காரர் போன் செய்தார். "மேடம், இருபத்துநாலு போக உங்களுக்குன்னு ஒண்ணு தனியா வெச்சிருக்கேன். வூட்டுக்கே அனுப்பிடறேன்."

"வேணாங்க. இன்னொரு தடவ இப்படிக் கேட்டீங்கன்னா ஆர்டரே வேணாம்னு எழுதிடுவேன்" என்று வைத்துவிட்டேன். இதை மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் 'உன்னிடம் ஏன் கேட்டார்' என்ற கேள்வி வருமே என்று சொல்லவில்லை. அட்டவணையில் பத்தொன்பதாவதாக ஒரு வரிசை சேர்த்து, 'விற்பவர்: கவனம் தேவை' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். அதைக் கோப்பின் அடியில் வைத்தேன்.

சரக்கு வந்தது. நான்கு பெரிய அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்குள் ஆறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். டேப்லெட்காரரும் கூடவே வந்திருந்தார். மேனேஜர் அவசரப்படுத்தினார். "வண்டி காத்துக்கினு இருக்குது, கையெழுத்து போடும்மா." மேல் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தேன். என்னிடம் சோதனைப் பட்டியல் இருந்தது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். பேனா கையெழுத்து இடத்துக்குப் போனது.

"அடிப்பொட்டி" என்றது குடோன் வாசலிலிருந்து ஒரு குரல்.

"எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார் டேப்லெட்காரர்.

"ஒண்ணுன்னா அடியில இருந்தே எடுத்துக் குடேன்."

சாம்பிள் மூன்று பெட்டிகளையும் தானே நகர்த்தி, நான்காவதைத் திறந்து, உள்ளேயும் அடியில் இருந்ததை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். "புது சாமான் வாசன இல்லியே. தேங்கா எண்ண வாசன வருது."

"அதெல்லாம் உங்க பிரமைங்க."

நான் கருவியை உயிர்ப்பித்தேன். வரவேற்புத் திரை வரவில்லை. ஒன்பது புள்ளிகள் வந்தன. கோடு போட்டுத் திறக்கச் சொல்லிக் கேட்டது.

"இது இன்னாம்மா?"

"பூட்டு, அண்ணா."

"புதுசுக்கு யாரு பூட்டு போட்டது?"

பின்னணியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, காது குத்தும் விழாவில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. குடோனே கூடிவிட்டது. "கொழந்த அழகு" என்றார் மூட்டை தூக்குகிறவர். மேனேஜர் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தார், திறக்கவில்லை. டேப்லெட்காரரின் முகம் வெயிலில் வைத்த டேப்லெட் போல ஆனது. அந்தப் பெட்டியில் இருந்த ஆறுமே பழையவை.

பிறகு எல்லோரும் திரும்பியது என் பக்கம்.

"இந்த ஆள எடுத்தது நீதானம்மா?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"போன்ல பேசிக்கினு இருந்ததும் நீதான். கையெழுத்து போட இருந்ததும் நீதான். உள்ள இன்னா நடந்துதோ, எனக்கு எப்படித் தெரியும்?"

என் மனம் எனக்கு எதிரான காரணங்களை வரிசைப்படுத்தியது. ஒன்று, பரிந்துரை என்னுடையது. இரண்டு, லஞ்சம் தருவதாக வந்த போனை மறைத்தேன். மூன்று, மேல் பெட்டியை மட்டும் பார்த்தேன். நான்கு, என் கோப்பின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் நின்று குத்தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு கை நீட்டலைங்க" என்றார் சாம்பிள்.

"ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"

"நான்தாங்க குடுத்துப் பாக்கச் சொன்னேன்."

மேனேஜர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மலையில இருந்து எறங்கின மறுநாளு இவனாண்ட சொன்னேங்க, பொண்ணுக்கு ஒண்ணு தனியா குடு, வேல சீக்கிரம் முடியும்னு. கேட்டிருக்கான். இது போன்லயே காய்ச்சி எடுத்துடுச்சி. என்னாண்ட வந்து அழுதான். கேளுங்க, இங்கதான நிக்கிறான்."

டேப்லெட்காரர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?" என்றார் மேனேஜர்.

"மூட்ட புதுசுங்களே. குத்திப் பாக்க வேணாமா?" என்றார் சாம்பிள். பிறகு என்னைப் பார்க்காமல், எடைமேடையைப் பார்த்துச் சொன்னார்: "அடிவரைக்கும் குத்திப் பாத்துட்டேங்க. மேல இருக்கறதுதான் கீழயும் இருக்குது. கணக்குல மட்டும் கொஞ்சம் கம்மி. அதுவும் அடுத்த தடவையே தேறிடுச்சி."

அப்படி, ஐந்து மாதம் காத்த ரகசியத்தை ஐந்து விநாடியில் குடோன் முழுக்கப் பரப்பினார். மேனேஜர் சிரித்துவிட்டார். நான் இரண்டு நாள் சாம்பிளுடன் பேசவில்லை. எனக்குப் பொறி வைத்ததற்கு ஒரு நாள், அரியருக்கு ஒரு நாள்.

பழையவற்றை டேப்லெட்காரர் எடுத்துக்கொண்டு போய் ஆறு புதியதைக் கொண்டுவந்தார். மறுநாள் காலையிலேயே இ-ரீடர்காரர் சிரித்த முகத்துடன் வந்து நின்றார். "நடந்தத கேள்விப்பட்டேன் சார்."

"யார் சொல்லிக் கேள்விப்பட்ட?" என்றார் சாம்பிள். மனிதர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இருபத்துநான்கையும் சாம்பிள் ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஒவ்வொன்றின் கேமராவிலும் பொட்டு ஒட்டினார். என் ஸ்டிக்கர் பொட்டு அட்டை காலியானது. வெள்ளிமலைக்குப் போன டேப்லெட்டில் மட்டும் கனகா அக்கா பொட்டின் மேல் கொஞ்சம் குங்குமமும் வைத்துக்கொண்டார் என்று கேள்வி. ஆறாவது மாதம் என் வேலை நிரந்தரமானது.

இப்போது சென்னையில் பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். நடுவில் நான்கைந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்விட்டேன். அந்த மூன்றாம் செமஸ்டர் தாளை இன்னும் கோப்பின் அடியில்தான் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றே. கோப்பை நீட்டிவிட்டு எதிரில் இருப்பவரின் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். எல்லோரும் மேலே இருப்பதைப் பார்த்தே தலையாட்டிவிடுகிறார்கள், வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். அடியிலிருந்து உருவி, "ஏம்மா, இது இன்னா?" என்று கேட்க இதுவரை ஒருவரும் வரவில்லை.