ஸாரெனுக்கு மட்டும் தண்டனை, எனக்கு ஏன் இல்லை?

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும் என் மனைவியின் கடைசித் தம்பியுமான சென்சு அவர்களுக்கு,

அத்தான் விஸ்டின் எழுதுவது. தலைநகர் வலேட்டாவில் நீ நலம் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறாய். இங்கே உன் அக்காவின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

மதத்தைப் பழிப்பவர்களைத் தண்டிக்கும் சட்டத்தை ஒழிப்பதா என்று வரும் செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் வாக்களிக்கப் போகிறீர்களாம். தாராளமாக ஒழியுங்கள். ஆனால் ஒரு பதினைந்து நாள் பொறுங்கள். அதற்குள் என்னை ஒரு தடவை தண்டித்துவிட வேண்டும்.

சிரிக்காதே மச்சான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் திருவிழாவில், கடலுக்கு மேலே கொழுப்புத் தடவி நீட்டிய கம்பத்தில் கொடி பிடுங்கப் போய், சிநேகிதன் ஸாரெனும் நானும் அடுத்தடுத்து வழுக்கி விழுந்தோம். அவன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி நம் ஊர்ப் புனிதரை ஒரே ஒரு வரி திட்டினான், அதிலும் பாதி இருமல். நானோ புனிதரில் தொடங்கி, அவரைப் பெற்றவர்கள், அவர் வந்த படகு, அதன் துடுப்பு வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என் போதாத நேரம், அப்போது பார்த்து பேண்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ்காரர் காதில் விழுந்தது அவன் வரி மட்டும். அவனுக்கு மூன்று நாள் காவல், எனக்கு ஜலதோஷம். இப்போது பத்திரிகைக்காரர்கள் அவன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், பேச்சுச் சுதந்திரத்துக்காகச் சிறை போனவனாம், பேண்டு கிளப்பில் காப்பி மெஷினுக்கு மேலே அவன் படம், நேற்று உன் அக்கா முயல் குழம்பில் தொடைக்கறியாகப் பொறுக்கி எடுத்து அவனுக்குக் கொண்டுபோனாள். "பாவம்ங்க, எவ்வளவு பட்டிருக்கான்!" என்கிறாள். என் வயிறு பற்றி எரிகிறது, மறைக்கவில்லை.

சரி, நாமும் தண்டனை வாங்குவோம் என்று திங்கட்கிழமை கோயில் வாசலில் நின்று, தொண்டை கட்டும் வரை புனிதரைத் திட்டினேன். போலீஸ் ரமோனா ஓடி வந்தாள். எழுதிக்கொள்வாள் என்று பார்த்தால், "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்று நிழலில் உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பங்குச் சாமியாரிடம் போய் நானே என்மேல் புகார் சொன்னேன். "உனக்கும் அவருக்கும் நடுவுல ஆயிரம் இருக்கும் விஸ்டின், என்னை ஏன் இழுக்கறே?" என்று கதவைச் சாத்தினார். உன் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "நாப்பது வருஷமா கேக்கறேன். எந்த நாள்னு எழுதிக் குடுக்கறது?" என்கிறாள். கடைசியில் வெட்கத்தை விட்டு ஸாரெனிடமே புலம்பினேன். தோளில் தட்டி, "அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்டா" என்றான்! ஆகவே மச்சான், நீ எழுந்து நீட்டி முழக்கிப் பேசி, எப்படியாவது வாக்கெடுப்பைத் தள்ளிப் போடு.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவரும், நான் மேற்படி திட்டிய புனிதரும் குறைவில்லாமல் அருளட்டும்.

இப்படிக்கு, இன்னும் குற்றமற்றவனாகவே இருக்கும்
விஸ்டின்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ரமோனா வந்து வழக்குத் தாள் கொடுத்தாள். புகார் கொடுத்தது அவளுடன் வந்த ஸாரென். "ஆசைப்பட்டியே, சிநேகிதனுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றான். கட்டிப் பிடித்து அழுதேன். அவன் போனதும் பங்குச் சாமியார் வந்தார். புனிதரைப் பழித்த வழக்கில் இருப்பவன், வாக்கெடுப்புக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் புனிதரின் சுரூபப் பல்லக்கைத் தூக்கக் கூடாதாம். முப்பது வருஷமாகப் பல்லக்கின் முன் வலது கொம்பு என் தோளில்தான் இருக்கிறது மச்சான். அந்த இடத்துக்கு ஸாரென் நேற்றே பெயர் கொடுத்துவிட்டானாம்! சட்டம் ஒழிந்தால் வழக்கும் ஒழியும் என்கிறாள் ரமோனா. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. செவ்வாய்க்கிழமை ஒருவரையும் பேச விடாதே, காலையிலேயே கையைத் தூக்கு, பக்கத்தில் இருப்பவன் தூங்கினால் அவன் கையையும் சேர்த்துத் தூக்கு. என் புனிதர் அவன் தோளில் போவதை என்னால் பார்க்க முடியாது.