மைனஸ் இல்லாத தட்டு

எந்த எண்ணைப் பார்த்தாலும் அதை மதிப்பெண்ணாகவே பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்ததில் வந்தது. ரத்த அழுத்தம் நூற்று நாற்பது என்று டாக்டர் சொன்னபோதுகூட ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வியாதியோடுதான் என் மகள் ஜெனிக்கு டிஸ்க் வாங்கப் போனேன்.

ஜெனி பதினொன்றாம் வகுப்பு. டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறாள். மட்டையும் பந்தும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டை வீசி வீசி, கடைசியில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும். (முதல்முறை கேட்டபோது, இதற்குக் கல்லூரி சேர்க்கையில் ஏதாவது சலுகை உண்டா என்றுதான் விசாரித்தேன்.) தூரம் போகும் தட்டுக்கு டிரைவர் என்று பெயர். அவளிடம் இருந்த ஒரே டிரைவர் பீர்க்கன்கரணை ஏரிக்குள் போய்விட்டது. அணித் தேர்வுக்கு நான்கே நாள்.

"ஏழு ஸ்பீடு வாங்கும்மா. விளிம்பு ஒல்லியா இருக்கணும், அதான் என் கைக்கு அடங்கும்" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

தெரிந்த கடைக்காரர் மூன்று டிரைவர்களைக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பித் தரச் சொன்னார். பள்ளி ஆய்வகத்திலிருந்து வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளிம்புகளை அளந்தேன். ஒன்று 1.6 சென்டிமீட்டர், அடுத்தது 1.9, மூன்றாவது கம்பீரமாக 2.4. ஒவ்வொரு தட்டிலும் நான்கு எண்கள் அச்சிட்டிருந்தன; முதல் எண்தான் ஸ்பீடு. ஜெனி கேட்டதில் 7, 5, மைனஸ் 2, 1. நடுவில் இருந்ததில் 9, 5, மைனஸ் 1, 2. பெரியதில் 13, 4, 0, 4.

கூட்டினேன். (வேறென்ன செய்வேன்?) பதினொன்று, பதினைந்து, இருபத்தொன்று. அதிலும் பெரியதில் நெகட்டிவ் மார்க்கே இல்லை!

"அவ ஏழுதானே கேட்டா?" என்றார் என் கணவர் சாமுவேல்.

"பிள்ளைங்க பாஸ் மார்க்தான் கேக்கும். நாமதான் சென்டம் வாங்கிக் குடுக்கணும்."

அகலமான விளிம்பைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. பள்ளி ஷூவையே ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு திணிக்கிற குடும்பம் எங்களுடையது. கை வளராதா என்ன?

சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று, தேர்வு நாள் காலையில், முடிச்சூர் பக்கத்து மைதானத்தில் வைத்துத்தான் தட்டைக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் ஜெனியின் முகம் போன போக்கை ஆனந்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கு மூன்று வீச்சு. கொடிகளுக்கு நடுவே, நாற்பது மீட்டர் கோட்டைத் தாண்டி ஒரு வீச்சு விழுந்தால் போதும், அணியில் இடம். ஜெனி வீசினாள். தட்டு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், திடீரென்று இடதுபக்கம் திரும்பிச் சாமியானா கயிற்றில் மோதியது. இரண்டாவது வீச்சும் அதே கயிறு. அவள் கண் கலங்கிவிட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடி, இது விளிம்பு அளந்து வாங்கிய பதின்மூன்று ஸ்பீடு தட்டு, பிடிக்கும் முறைதான் தப்பு என்று பயிற்சியாளருக்கே பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க மேடம்" என்றார்.

காட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி வீசினேன். தட்டு என் கையை விட்டதும் நேரே இடதுபக்கம் பாய்ந்து, சாமியானாவுக்குள் நுழைந்து, சிறப்பு விருந்தினர் கையிலிருந்த எலுமிச்சை சாதத் தட்டைத் தூக்கி அடித்தது. சிறப்பு விருந்தினர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை. கண்ணாடி மேல் ஒரு கறிவேப்பிலை, தலை முழுக்க மஞ்சள் பருக்கைகள். ஏதோ ஆசீர்வாதம் வாங்கியவர்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மடியில் கிடந்த தட்டை எடுத்துத் துடைத்தார். எண்களைப் படித்தார்.

"பதிமூணு... மைனஸும் இல்ல. நல்ல தட்டுதானே, ஸ்டெல்லா டீச்சர்?"

பயிற்சியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்த மைனஸ்தான் மேடம் தட்டை நேரா கூட்டிட்டுப் போகும். கடைசி நம்பர் ஏற ஏற இடதுபக்கம் சாயும். பதிமூணை வீச வேற தோள் வேணும்" என்றார். தன் பையிலிருந்து ஒல்லி விளிம்புள்ள ஏழு ஸ்பீடு தட்டு ஒன்றை எடுத்து ஜெனியிடம் நீட்டினார்.

மூன்றாவது வீச்சு. தட்டு கொடிகளுக்கு நடுவே சும்மா மிதந்து போய், கோட்டைத் தாண்டிப் புல்லில் உட்கார்ந்தது. நான் கத்திய கத்தலில் தலைமையாசிரியையின் இரண்டாவது சாதத் தட்டும் கீழே விழுந்தது.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ஜெனி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எனக்கு மாப்பிள்ளை பாக்கற வேலைய மட்டும் அப்பாகிட்ட விட்டுடும்மா."

அந்த மைதானத்தில் பெற்றோர் நாற்காலிகளை அன்றிலிருந்து வலதுபக்கம்தான் போடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள், நிழல் அந்தப் பக்கம் இருக்க நம்மை ஏன் வெயிலில் உட்காரவைத்தார்கள் என்று கேட்பார்கள். உடனே சாமுவேல் எழுந்து நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். ஒவ்வொரு முறையும் எலுமிச்சை சாதம் இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறக்கிறது.