முழம் போட்ட கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அண்ணனுக்கு, சின்னமனூர் பிரவுசிங் சென்டரிலிருந்து விஜி மூச்சு வாங்க எழுதுவது: இந்தியாவே இன்னும் பார்க்காத குட்டி எஸ்யூவி எங்க ஊர் டீக்கடை வாசலில் நிற்கிறது, நான் அதைத் தொட்டே விட்டேன்!

தாங்களும் தங்கள் இணைய இதழும் ஹேங் ஆகாமல் நலமாக ஓட வேண்டுகிறேன். இந்தப் புதுக் கார் நாலு மீட்டருக்குள்தான் வரும், அப்போதுதான் வரி குறையும் என்று என் பத்தியில் எழுதியதற்கு எல்லோரும் சிரித்தார்களே, நீங்களும் "வெள்ளி மாலை ஆறுக்குள் ஆதாரம் கொடு, இல்லாவிட்டால் பத்தி நிறுத்தம்" என்றீர்களே, இன்று வெள்ளி, அந்த ஆதாரமே வந்து நிற்கிறது. மேகமலை ரோட்டில் ஓட்டிப் பார்க்க இரண்டு இன்ஜினியர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டி முழுக்கக் கறுப்பு உறை. கேமராவைத் தூக்கினால் விரட்டுகிறார்கள், அளக்க டேப்பை எடுத்தால் பிடுங்குகிறார்கள். நல்லவேளையாக உள்ளூர் டிரைவர் ஒச்சாண்டி, "பூப் போடாம மலை ஏற மாட்டேன் சார்"னு தரையில உட்கார்ந்துட்டாரு. நான் பூக்கார ராக்கம்மாள் அக்காவை இழுத்து வந்து, பக்கவாட்டில் சரம் கட்டப்போவதாகச் சொல்லி, முன்பம்பரிலிருந்து பின்பம்பர் வரை மல்லிச்சரத்தை நேராகப் பிடித்து நறுக்கிக்கொண்டேன். இன்ஜினியர்கள் கும்பிட்டுக்கொண்டே நின்றார்கள்!

ஓரமாகப் போய் அளந்தோம். அக்கா கைக்கு ஒன்பது முழம். என் கைக்கு எட்டு. முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்தால், எட்டு முழம் நாலு மீட்டருக்குள் அடங்கும், நான் ஜெயித்தேன்; ஒன்பது என்றால் நாலைத் தாண்டிவிடும், காலி.

"அக்கா, உன் முழம் சின்னது!"

"ஏன் சொல்ல மாட்ட? பண்ணைப்புரத்துல கல்யாண வீட்டுக்காரகளே என் கைய ஒத்துக்கிட்டாக. நீ என்னடி பெரிய அளவுகாரி?"

"ஸ்கேல் வச்சுப் பாத்துருவோம்."

"பூவுக்கு ஸ்கேலா? வெளங்கிரும்!"

நான் ஓடிப்போய் ஸ்கேல் வாங்கி வருவதற்குள் கம்பம் பஸ் வந்து, அக்கா மொத்தச் சரத்தையும் வித்துட்டாக.

"அக்கா! காரை வித்துட்டியே!"

"பஸ்ஸு நிக்கிறப்ப விக்காம, வாடுனப்புறமா விக்கச் சொல்றியா?"

கார் இப்போது எட்டா ஒன்பதா என்று தெரியாத கொண்டைகளில் ஏறி உத்தமபாளையம் தாண்டியிருக்கும். ஆகவே அண்ணே, உடனே அறிவிப்புப் போடுங்கள்: மூன்று மணிக் கம்பம் பஸ்ஸில் பூ வாங்கிய அக்காமார் அதைக் கழற்றி, ஸ்கேலில் அளந்து, சென்டிமீட்டரில் மெயில் அனுப்பவும். வாடினால் சுருங்கும்.

தங்கள் ஸ்டெப்னிக்கு என்றும் வேலை வராமல் இருக்க வாழ்த்தும்,
விஜி

பி.கு.: மெயில் பார்க்க வந்த இன்ஜினியர் ஒருவர் பின்னால் நின்று இதை முழுக்கப் படித்துவிட்டார்.

"ஏம்மா, என்கிட்டயே கேட்டிருக்கலாமே. உறைக்குள்ள இருக்குறது எங்க பழைய கார் பாடி. இன்ஜினும் சஸ்பென்ஷனும்தான் புதுசு."

"அப்ப புதுக் கார் நீளம்?"

"இன்னும் முடிவாகல. அதுக்குத்தான் அஞ்சு மணிக்கு போன்ல மீட்டிங்."

"நாலுக்குள்ள வைங்க சார்!"

"நீ ஒருத்தி சொன்னா யாரு கேப்பா?"

எனவே அண்ணே, அறிவிப்பை மாற்றிப் போடுங்கள்: வாசகர்களே, பூவை விடுங்கள். "நாலு மீட்டருக்குள் போதும்" என்று அஞ்சு மணிக்குள் கார் கம்பெனிக்கு ஆளுக்கொரு மெயில் தட்டுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். கார் குறைந்தே ஆகணும், ஆறு மணிக்கு என் பத்தி போயிரும்!