பெபிஷாவின் குதிகாலும் சனிக்கிழமை ஓட்டமும்

அன்புள்ள ஆன்ஸ்லின் அக்காவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைகூப்பின படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் மெயில். குவைத் வெயில் உன்னையும் அத்தானையும் வாட்டாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லாரும் சுகம், பெபிஷாவின் குதிகாலைத் தவிர.

பின்பக்கம்தான் வலி, ஓடிவிட்டு வந்தால் நொண்டுகிறாள். செருப்புக் கடி என்றார் இவர், முள் என்று நான் ஊசியும் கையுமாகத் தேடினேன், கடைசியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பத்து வயதில் குதிகால் எலும்பு வளர்கிற இடம் இளசாக இருக்குமாம், ஓடும்போது கெண்டைக்கால் தசைநார் அதைப் பிடித்து இழுப்பதுதான் வலியாம். வலி போகும்வரை ஓட்டம் கூடாது, மெத்தென்ற ஷூ போடணும், கெண்டைக்காலை நீட்டிப் பயிற்சி செய்யணும், ஐஸ் வைக்கணும், அவ்வளவுதான். விலங்கியல் படித்த எனக்கு உடனே பிடிகிடைத்துவிட்டது.

ஐஸை இவரிடம் விட்டதுதான் தப்பு. துணியில் சுற்றி வையுங்கள் என்றால், பிள்ளையைத் தன் மீன் வண்டியில் உட்காரவைத்துக் காலை அப்படியே ஐஸ் பெட்டிக்குள் விட்டுவிட்டார், சாளையோடு சாளையாக. மீன் வாங்க வந்த செசிலி டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்து இவரிடம், "பிரைட்டா, இது எந்தக் கடல்ல கிட்டிச்சு?" என்று கேட்டுவிட்டு, வெறும் பையோடு போய்விட்டார்கள். இப்போது தெருப்பூனை எல்லாம் பெபிஷா பின்னால்தான். பயிற்சிக்குச் சுவரில் கைவைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டி நிற்கவேண்டும், அவளோடு நானும் நின்றேன். அடுத்த வீட்டு ஞானதாசன் மாமா பார்த்துவிட்டு, "ஏட்டி ஷிஜி, சுவரு சாயுதா?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் ஓடிவந்து தானும் முட்டுக்கொடுத்தார்.

எப்படியோ வலி பாதி குறைந்திருக்கிறது, அதுதான் ஆபத்து. சனிக்கிழமை மாவட்ட விளையாட்டுப் போட்டி, பெபிஷாவுக்கு ஓட்டம். "ஒரு நாளுதானேட்டி, ஓடிட்டுப் போட்டும்" என்கிறார் இவர். வலியோடு ஓடினால் மாசக்கணக்கில் இழுக்கும் என்று டாக்டர் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. நீ நர்சு, நீ ஒரு வார்த்தை சொன்னால் அடங்குவார். நான் அசைவதாக இல்லை.

அத்தானுக்கு வணக்கம், அபினுக்கு முத்தம். உங்கள் வீட்டில் ஒருவர் காலுக்கும் கேடு வராதிருக்க ஜெபிக்கிறேன்.

உன் தங்கை
ஷிஜி

பி.கு.: பிள்ளை உறங்கவில்லை. "அம்மா, ஓடத்தானே கூடாது? லாங் ஜம்ப்ல சாடலாமில்லா?" என்று படுத்தபடியே கேட்டாள். மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தவள் இன்றுதான் சிரித்தாள், சரி மக்கா என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, சாடுவதற்கு முன்னால் ஓடவேண்டும், வந்து விழுவதும் அதே குதிகாலில்தான். மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளிடம் நீயே சொல்லிவிடு. சனிக்கிழமைக்கு முன்னால் பதில் போடு.