புழு சாரும் ராஜாவின் மாத்திரையும்

செங்கல்பட்டு வட்டாரத்தில் மனிதரிடமும் நாயிடமும் ஒரே மரியாதையோடு மலம் கேட்டு நின்ற ஒரே ஆள் எங்கள் புழு சார்தான். மனிதர்கள் முறைத்தார்கள். நாய்கள் பரவாயில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாங்கள் செங்கல்பட்டில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நான் மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அவர் குடல்புழு ஆராய்ச்சிக்காரர். மாமல்லபுரத்து போட்டோகிராபர்கள் தூக்கிப் போடும் ஃபிலிம் ரோல் டப்பாக்களைப் பொறுக்கி வந்து, அவற்றில்தான் சாம்பிள் எடுத்து எங்கள் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் அடுக்குவார். முதல் வாரமே நான் தயிரை விட்டுவிட்டேன்.

ஞாயிறுதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போவார். அங்கே பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு. ரத்தம் குறைந்து சோர்ந்து கிடந்தார்கள். மீன் விற்கும் கஸ்தூரியின் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கியே விழுந்தாள். பழி மணலை அசிங்கம் செய்து திரியும் நாய்கள்மேல் விழுந்தது. எல்லாவற்றையும் நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றார் ஊர்த் தலைவர்.

"எங்க ராஜா இன்னா சார் பண்ணிச்சு? பொண்ணு கூடவே படுத்துகினு கீது. அத்த போய் வண்டில ஏத்துவாங்களாம்" என்று கஸ்தூரி புழு சாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாய்ப் புழு முட்டையும் மனுஷப் புழு முட்டையும் மைக்ராஸ்கோப்புல ஒண்ணாத்தான் தெரியும். டி.என்.ஏ. பார்த்தாத்தான் யாரோடதுன்னு தெரியும். அதுவரைக்கும் ஒரு நாய் மேலயும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் அவர்.

ஆரம்பித்தது வேட்டை. டப்பாவும் குச்சியுமாக ஒவ்வொரு நாயின் பின்னாலும் நடந்தார். அது உட்காரட்டும் என்று இவர் நிற்பார். இவர் போகட்டும் என்று அது நிற்கும். ஒரு நாய் அவரைக் கடற்கரைக் கோயில் வரை கூட்டிப்போனது. வெள்ளைக்காரர்கள் இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

டி.என்.ஏ. முடிவு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. பிள்ளைகள் வயிற்றிலும் நாய்கள் வயிற்றிலும் இருந்தது ஒரே புழு.

"வேற வேறன்னு சொல்லிடுங்க சார். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"புழுவே பொய் சொல்லல. நான் சொல்றதா?" என்று சட்டையை மாட்டினார்.

குப்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். கஸ்தூரி அவர் முகத்தையே பார்க்கவில்லை.

"அப்ப வண்டிய வரச் சொல்லிடலாமா?" என்றார் தலைவர்.

"இந்த நாய் போனா பக்கத்து ஊர் நாய் வரும், அதே புழுவோட. பிள்ளைங்களுக்கும் நாய்ங்களுக்கும் ஒரே நாள்ல மாத்திரை குடுத்துடுவோம்."

"நாய்க்கு யாரு சார் குடுப்பா?"

"நான்."

"சரி சார். ஆனா அன்னிக்கு முழுங்காத நாய் மறுநாளு வண்டில ஏறிடும்" என்றார் தலைவர்.

அடுத்த ஞாயிறு நாய்களுக்கு மத்தி மீனுக்குள் மாத்திரையைச் செருகிச் செருகி நீட்டினோம். பிள்ளைகள் வெறும் மாத்திரையை அழுதுகொண்டே விழுங்கினார்கள். நாய்கள் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பின. திரும்ப மீன், திரும்ப மாத்திரை. ஒரு கருப்பு நாய் அவர் கையையே கடித்துவிட்டது. "முழுங்கிடுச்சுப்பா" என்றார், கையைக் கழுவியபடி.

மிச்சம் ராஜா மட்டும். அவரைக் கண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடியது வரவே இல்லை. பொழுது சாய்ந்தது, பஸ்ஸும் போய்விட்டது. கட்டுப்போட்ட கையில் மீனை ஏந்தி, "வாடா கண்ணா" என்று மணலில் மண்டியிட்டுக் கெஞ்சினார். கடைசியில் கஸ்தூரி வீட்டில் படுத்திருந்த மகளைக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் ஒரு குரல் கொடுத்ததும் ராஜா வாலாட்டிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த மீனை மாத்திரையோடு விழுங்கியது.

"உண்மைய சொல்லிட்டியேன்னு உன் மேல கோவமா இருந்திச்சி சார். வூட்ல கொழம்பு கீது, துன்னுட்டு போ" என்றாள் கஸ்தூரி.

புழு சார் என் பக்கம் திரும்பினார். "புழு போச்சான்னு பார்க்க ராஜாவோட சாம்பிள் திரும்ப வேணும். என்னைப் பார்த்தா ஓடுது. நீ பின்னாலயே போறியா?"

"போறேன் சார்" என்றேன். அந்த மனுஷருக்காக எந்த நாயின் பின்னாலும் எவ்வளவு தூரமும் நடக்கலாம்.